பெட்டிக்குத் தெளித்த தீர்த்தம்

எங்கள் வீட்டுப் பெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னவள் நான் இல்லை. வேண்டாம் என்று சொன்னவளே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், நான் அப்படி ஒரு வார்த்தை பேசவே இல்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முழுக்கச் சாதித்துக்கொண்டிருந்தார்.

பெட்டி என்றதும் துணி வைக்கிற பெட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு கம்ப்யூட்டர்தான், ஆனால் திரை கிடையாது, தட்டுவதற்குப் பலகை கிடையாது. கறுப்பாக, பிஸ்கட் தகர உயரத்துக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் எடுத்த படம், வீடியோ, பதிவு செய்த பாட்டு எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும், ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் விளக்கம் கொடுப்பார். அவர் பத்து பாகாட் என்கிற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். எங்கள் ஊர் யோங் பெங்கிலிருந்து தினமும் காரில் போய் வருகிறார். கம்ப்யூட்டரை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யூடியூபைப் பார்த்துப் பார்த்து, பழைய சாமான்களை வாங்கி, அவரே பூட்டியது. அதைச் சர்வர் என்பார். நான் சின்ன வீடு என்பேன். வேலை முடிந்து வந்ததும் என்னைப் பார்க்கிறாரோ இல்லையோ, அதில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

அதை அவர் வைத்த இடம் மாதா பீடத்துக்குக் கீழே. பக்தியால் இல்லை, பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. மேலே மாதா, சீரியல் பல்பு, மெழுகுவர்த்தி. கீழே பெட்டி. சாயங்காலம் ஜெபமாலைக்கு முழங்கால் போடும்போதெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்கும் சேர்த்தேதான் நான் முழங்கால் போட்டேன்.

அதற்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் மீதிக் கதை விளங்கும். என் குரல் இருந்தது.

எங்கள் கோவில் தமிழ்ப் பாடகர் குழுவில் கல்யாணமான புதிதிலிருந்து பாடியவள் நான். பாலர் பள்ளியில் வேலை. அங்கேயும் பிள்ளைகளைப் பாட வைப்பதுதான் முக்கால்வாசிப் பொழைப்பு. கிறிஸ்மஸ் வந்தால் கேரல் ரவுண்டு. இரண்டு வேனில் ஏறி, சாஆ என்கிற ஊர்ப் பக்கத்து எஸ்டேட் வீடுகள் வரை போய், வாசலில் நின்று பாடிவிட்டு, அவர்கள் கொடுக்கிற கேக்கையும் முறுக்கையும் வேனிலேயே தின்றுகொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். என் வீட்டுக்காரருக்குப் பாட வராது. ஆமென் சொல்வதற்குள்ளேயே சுருதி போய்விடும். ஆனால் சும்மா வரக் கூச்சம் போலிருக்கிறது, உள்ளங்கை அளவு ஒரு ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு கூடவே வருவார். பயிற்சி, பூசை, கேரல், எதையும் விட்டது கிடையாது. பதிவு செய்ததைப் பெட்டிக்குள் போட்டதும் ரெக்கார்டரை அழித்துவிடுவார், அடுத்த வாரத்துக்கு இடம் வேண்டுமே. பெட்டியில்தான் இரண்டு டிஸ்க் இருக்கிறதே.

பிறகு எனக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது நர்ஸோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனேன். வெளியே வந்தபோது குரலைக் காணோம். நரம்பில் பட்டுவிட்டது, கொஞ்சம் பொறுத்தால் வரும் என்றார்கள். வந்தது. தேங்காய் துருவுகிற சத்தத்தில் வந்தது. பாலர் பள்ளி வேலையை விட்டேன், பாடகர் குழுவை விட்டேன். கோவிலில் பார்க்கிறவர்கள், பேச முடியுதுல்ல, அதுவே கடவுள் கிருபை என்பார்கள். கிருபைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனாலும் அப்படிச் சொல்கிறவர்கள்மேல் அப்போது கையில் இருப்பதைத் தூக்கி எறியலாம் போல வரும்.

அந்தப் பதிவுகளை ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. அவர் ஒரு முறை போட வந்தபோது எழுந்து போய்விட்டேன். ஆனால் அவை இருக்கின்றன என்று தெரியும். பேங்க்கில் நகை இருக்கிற மாதிரி. போட்டுக்கொள்ளாவிட்டாலும் இருக்கிறது என்ற தைரியம் இருக்குமே, அதுதான்.

வருஷம் பிறந்ததும் எங்கள் பக்கம் வீடு மந்திரிப்பு நடக்கும். ஃபாதர் ஒவ்வொரு வீடாக வந்து ஜெபம் சொல்லி, அறை அறையாகத் தீர்த்தம் தெளிப்பார். வீடு முடிந்தால் வாசலில் கார், மோட்டார் சைக்கிள். எங்கள் ஃபாதர் பழைய முறைக்காரர், தண்ணீரில் உப்பும் சேர்த்து மந்திரிப்பார். கையும் தாராளம். அவர் வந்து போன பிறகு தரையைத் துடைக்க வேண்டியிருக்கும். அந்த வருஷமும் எல்லா அறையும் முடித்து மாதா பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு அந்தப் புத்தி வந்தது. கீழே இருக்கிற பெட்டியைக் காட்டி, இவ பாட்டெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு ஃபாதர், இதையும் கொஞ்சம் மந்திரிச்சிடுங்க என்றார்.

ஃபாதருக்கு மனசு இளகிவிட்டது. என் குரல் போன கதை அவருக்குத் தெரியும். குனிந்து, மனசார, மூன்று முறை தெளித்தார். நான் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. பழைய குரலாக இருந்திருந்தால் ஃபாதர் கை அந்தரத்திலேயே நின்றிருக்கும். இந்தக் குரல் அடுப்படியைத் தாண்டாது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்கள்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி பாட்டுக்குப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் நல்ல இடி மழை. கரண்ட் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் வந்தது. ஃபிரிட்ஜ் ஓடியது, ஃபேன் ஓடியது, மாதாவுக்குச் சீரியல் பல்பும் மின்னியது. பெட்டியில் மட்டும் பச்சை வரவில்லை.

அவர் டிவி ஒயரைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. கிளம்புவதற்கு எதுவும் கிடைக்கவில்லையாம். பெட்டியின் பின்பக்கம் கட்டை விரல் அளவில் ஒரு பெண்டிரைவ் எப்போதும் செருகியிருக்கும். அதை உருவிப் பார்த்தார். வாய்ப் பக்கமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. என் பழைய பல் துலக்குகிற பிரஷ்ஷை வாங்கித் தேய்த்தார், ஊதினார், திரும்பத் திரும்பச் செருகினார். அது கண்ணைத் திறக்கவே இல்லை.

தீர்த்தம்தான், உப்புத் தண்ணிதான், அன்றைக்கே தலை தலையாய் அடித்துக்கொண்டேனே என்றேன். நீ ஒண்ணுமே சொல்லல என்றார். சொன்னேன். சொல்லல. இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "பாட்டெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

போனா போகட்டும், அதைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப் போகுது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். பச்சைப் பொய். கழுவிக் கவிழ்த்த தட்டையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவினேன். ஒரு தடவை குரல் போனபோது, அதுதான் பெட்டியில் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டவள் நான். இப்போது எதைச் சொல்லித் தேற்றுவது?

மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதர் கேட்டார், பெட்டி எப்படி இருக்கிறது என்று. நல்லா இருக்கு ஃபாதர், உங்க ஆசீர்வாதம் என்றார் என் வீட்டுக்காரர். கோவில் வாசலில் நின்றுகொண்டு, அதுவும் பூசையில் நன்மை அப்பம் வாங்கின வாயால். நான் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அந்த மனுஷன் மனசு நோகக் கூடாதுல்ல என்றார் காரில். சரி, அந்த ஒரு பொய்யைக் கடவுள் மன்னிப்பார்.

காரிலேயே இன்னொன்றும் சொன்னார். ராத்திரியெல்லாம் படித்துப் பார்த்தாராம். பாட்டு எதுவும் பெண்டிரைவில் இல்லை, இரண்டு டிஸ்க்கிலும்தான் இருக்கிறது. பெண்டிரைவ் வெறுமனே பெட்டியை எழுப்பிவிடுகிற சாமான், அவ்வளவுதான். புதிதாக ஒன்றைச் செய்து செருகினால் பெட்டி எழுந்துகொள்ளும். எழுந்த பிறகு, இந்த டிஸ்க் இரண்டும் உன்னுடையவை என்று அதற்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும்.

"அப்ப சாமி உள்ளதான் இருக்கார். பூசாரிதான் போயிட்டாரு" என்றேன்.

பெட்டி செத்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஞானஸ்நானம் வாங்கினவளுக்கும் பழமொழி பழமொழிதான்.

புதுப் பெண்டிரைவ் வாங்க பத்து பாகாட்டில் வேலை முடிந்து ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருக்கிறார். டிஸ்க்குகளையும் ஒரு பையில் கொண்டு போயிருந்தார், ஏதாவது யோசனை கேட்கலாம் என்று. கடைத் தவுக்கே, அதுதான் முதலாளி, விஷயத்தை முழுசாகக்கூடக் கேட்கவில்லையாம். குடு, எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணி புதுசு மாதிரி தர்றேன் லா, ஒரு தேநீர் குடிச்சிட்டு வா என்று கையை நீட்டியிருக்கிறார். ஃபார்மட் பண்ணினால் உள்ளே இருப்பது சுத்தமாகத் துடைத்துப் போய்விடும். இவர் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீடு வந்து அதைச் சொல்லும்போதும் ஐயோ என்கிறதுக்குப் பதிலாக அலமாக், அலமாக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வேலையில் இறங்கினார். தொழிற்சாலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினைப் பிரித்தாலும், கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாகத்திலும், அது இருந்த இடத்திலும், ஒரே நிற நூலைக் கட்டி வைப்பார். பூட்டும்போது நூலைப் பார்த்துப் பூட்டுவார், நினைவை நம்ப மாட்டார். டிஸ்க்குகளை வெளியே எடுத்தபோதே ஒன்றுக்குச் சிவப்பு நூல், ஒன்றுக்கு நீல நூல் கட்டியிருந்தார். நூல் என் தையல் டப்பாவிலிருந்து, கேட்காமல் எடுத்தது. புது சிஸ்டத்தைப் பெண்டிரைவில் ஏற்றும்போது, எதை அழித்துவிட்டு உட்காரட்டும் என்று பெட்டி கேட்குமாம். தப்பாக ஒரு டிஸ்க்கைக் காட்டிவிட்டால் முடிந்தது. அதனால் டிஸ்க் இரண்டும் பெட்டி பக்கமே இருக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு பூத்துவாலையில் சுற்றி, என்னைப் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, என் மடியில் வைத்தார்.

ஒரு பாக்கெட் சீனியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான் கனம். இத்தனை வருஷம் பாடினது, எஸ்டேட் வாசல்களில் பனியில் நின்று பாடினது, பெரிய வெள்ளிக்கிழமை பாடிக் கோவிலே அழுதது, எல்லாம் என் மடியில் ஒரு துவாலைக்குள் இருந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். வைக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது, இதன்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று. யாராவது அப்போது அதைக் கேட்டு வந்திருந்தால் கடித்திருப்பேன்.

புதுப் பெண்டிரைவ் ஒழுங்காக ஏறியது. பெட்டியை நிறுத்தினார், துவாலையைப் பிரித்தார், நூலைப் பார்த்து டிஸ்க்குகளை அதனதன் இடத்தில் மாட்டினார். மறுபடி முடுக்கினார். பச்சை விளக்கு வந்தது. மாதாவே என்றேன். பொறு என்றார். பெட்டி எழுந்ததே தவிர, அதற்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. டிஸ்க்குகளைச் சேர்த்துக்கொள் என்று அவர் கட்டளை கொடுத்தார். திரையில் ஒரு பதில் வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

என்னவாம் என்று கேட்டேன். இந்த டிஸ்க்குகள் வேறொரு சிஸ்டத்துக்குச் சொந்தம், அது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், கட்டாயம் வேண்டுமென்றால் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொள் என்று சொல்கிறதாம். வலுக்கட்டாயம் என்ற வார்த்தை வந்ததும் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. இறுகின திருகாணியை எண்ணெய் விட்டு ஒரு நாள் பூராவும் காத்திருந்து கழற்றுகிற ஆள் அவர். முறுக்கி உடைத்த சரித்திரமே கிடையாது. இன்னைக்கு வேண்டாம், யாரையாவது கேட்டுப் பார்த்துட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்த வேறு சிஸ்டம்? இந்த வீட்டில் இன்னொரு பெட்டி எங்கே இருக்கிறது? அவர் மெதுவாக விளக்கினார். வேறு இல்லை, நம்ம பழைய பெண்டிரைவில் இருந்ததைத்தான் சொல்கிறது. ஒழுங்காக நிறுத்தியிருந்தால், நான் போகிறேன் என்று டிஸ்க்குகளிடம் சொல்லி விடுவித்துவிட்டுப் போயிருக்கும். கரண்ட் பட்டென்று போனதால் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. அதனால் இவை இன்னும் அது உயிரோடு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

என் குரலும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனது. நானும்தான் காலையில் எழுந்ததும் அது இருக்கிறது என்று நினைத்து வாயைத் திறக்கிறேன், இன்றுவரைக்கும்.

"இழுங்க" என்றேன். "அது செத்துப் போச்சுன்னு நமக்குத் தெரியும், அதுக்குத்தான் தெரியல. போனா என்னோடதுதானே போவுது. நான் சொல்றேன், இழுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, கடைசிப் பொத்தானை அமுக்கினார். டிஸ்க்குகள் கறுக் கறுக்கென்று சத்தம் போட்டன. நான் மாதாவைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு வரி வந்தது, இன்னொரு வரி வந்தது, பிறகு வரிசையாகப் பெயர்கள். கிறிஸ்மஸ். பாஸ்கா. பயிற்சி. கேரல், சாஆ. ஒவ்வொரு வருஷமும் வரிசையாக இருந்தது. எதுவுமே போகவில்லை.

அவர் பீடத்து விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே, தீர்த்தம் தெளிச்ச கையில இனிமேல் தேநீர் டம்ளர் மட்டும்தான், அடுத்த வருஷம் ஃபாதர் வரும்போது இந்தப் பெட்டிமேல் தடித் துவாலை போட்டு மூடுவேன் என்று சொன்னேன். சரி சரி என்றார். இப்போது பெண்டிரைவுக்கு ஒரு மாற்று செய்து பீடத்து இழுப்பறையில் வைத்திருக்கிறார், துவாலையும் தயாராக இருக்கிறது.

சரி, போடுங்க, கேட்போம் என்றேன். எனக்கே ஆச்சரியம்தான். கிறிஸ்மஸைப் போடுவார் என்று நினைத்தேன். அவர் கீழே கீழே போய், ஓரத்தில் இருந்த வேறொன்றைத் திறந்தார். அதன் பெயர் 'ஏங்க'. நான் அவரைக் கூப்பிடுகிற விதம்.

முதலாவதை அமுக்கினார். பின்னால் வேன் கதவு சாத்துகிற சத்தம், ஆட்கள் சிரிக்கிற சத்தம். அப்புறம் நான்.

"ஏங்க, அமுக்கிட்டீங்களா இல்லையா? போன தடவ மாதிரி அமுக்காம நின்னீங்க, வீட்ல சோறு கிடையாது, சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் பதிவு. பாட்டு ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. எவ்வளவு கணீரென்று திட்டியிருக்கிறேன். அடுத்ததையும் போட்டார், அதிலும் திட்டுத்தான். அதற்கடுத்ததிலும் அதுவேதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நான் அவரை ஏசியதை மட்டும் வெட்டி எடுத்து, ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார் மனுஷன். பாட்டை விட்டுட்டு இதையா சேர்த்து வைப்பாங்க என்று கேட்டேன்.

"பாட்டுல எல்லாரும் இருக்காங்கம்மா. அதுல உன்னை மட்டும் பிரிச்சு எடுக்க முடியல. திட்டுறப்பதான் நீ தனியா இருக்க."

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்த தேதிகள் கண்ணில் பட்டன. ஆபரேஷன் நடந்த மாதம் வந்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு மறுபடியும் வரிசை தொடர்ந்தது. இதெல்லாம் குரல் போன பிறகு உள்ளதுதானே என்று கேட்டேன். ஆமா, வீட்ல நீ திட்டினது என்றார். இந்தக் குரலை எதுக்குங்க என்றேன். குரல் மாறுச்சு, திட்டு மாறலையே என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, கடைசியில் இருந்ததை அவரே அமுக்கினார். ஃபாதர் ஜெபம் சொல்வது கேட்டது. வீடு மந்திரிப்பு அன்று சட்டைப் பையில் ரெக்கார்டரை வைத்து எடுத்தது. ஜெபத்துக்குப் பின்னால், தூரத்தில், அடுப்படியிலிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு குரல். ஏங்க, பெட்டிமேல வேணாங்க, தண்ணி உள்ள போயிரும், ஃபாதர்கிட்ட சொல்லுங்க என்று அது கத்திக்கொண்டிருந்தது. இரண்டு ஆமென். அதோடு முடிந்தது.

அடப்பாவி மனுஷா, தெரிந்துகொண்டேதான் இந்த ஒரு வாரமும் சொல்லல சொல்லலன்னு சாதிச்சீங்களா என்றேன். அன்னைக்குக் காதுல விழல, வெட்டி எடுக்கும்போதுதான் கேட்டேன், பயந்துட்டேன், அதான் ஒத்துக்கல என்றார்.

என் இந்தக் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் கேட்காத குரல், அந்தச் சின்ன ரெக்கார்டருக்குக் கேட்டிருக்கிறது. கரகரவென்றுதான் இருந்தது. ஆனால் நான்தான் அது, சந்தேகமே இல்லை.

இன்னொரு தடவை போடுங்க என்றேன்.